எந்தத் துறை என்று கேட்காதீர்கள்!

வீட்டில் ஒருவர் இறந்துவிட்டால், காரியம் முடியும்வரை என்னென்ன செய்ய வேண்டும் என்று சொல்ல ஊரில் ஆள் இருக்கிறது. யாருக்குச் சொல்லி அனுப்புவது, எந்த நாளில் பால் தெளிப்பது, யார் கோடி எடுப்பது என்று ஒரு பெரியவர் வரிசை பிசகாமல் சொல்லிக்கொண்டே வருவார். அது முடிந்ததும் இன்னொரு காரியம் தொடங்குகிறது. அரசாங்கக் காரியம். அதற்கு வரிசை சொல்லத்தான் ஆளில்லை.

இறப்புச் சான்றிதழ் வாங்க வேண்டும். வாரிசுச் சான்றிதழ் வாங்க வேண்டும். ரேஷன் கார்டில் பெயரை நீக்க வேண்டும். ஈ.பி. கனெக்‌ஷன், கேஸ் கனெக்‌ஷன், வீட்டு வரி ரசீது எல்லாவற்றிலும் பெயர் மாற்ற வேண்டும். நிலம் இருந்தால் பட்டா. பேங்கில் பணம் இருந்தால் அதற்குத் தனி அலைச்சல். மனைவிக்கு விதவை உதவித்தொகை கேட்டு மனு போட வேண்டும். இறந்தவர் கட்டட வேலை பார்த்தவராக இருந்து, நல வாரியத்தில் பதிந்து வைத்திருந்தால் ஈமச்சடங்கு உதவியும் மரண உதவியும் வரவேண்டியிருக்கிறது.

இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு இன்று இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம் என்கிறது அரசு. பொய்யில்லை. ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு தளத்தில் இருக்கிறது. இறப்புப் பதிவுக்குச் சுகாதாரத் துறை சார்ந்த ஒரு தளம். சென்னை மாநகராட்சி எல்லைக்குள் நடந்த இறப்பு என்றால் மாநகராட்சியின் தளம். வாரிசுச் சான்றுக்கு இ-சேவை. ரேஷன் கார்டுக்கு உணவுத் துறை. பட்டாவுக்கு நில அளவை, வருவாய்த் துறைகளின் தளம். வில்லங்கம் பார்க்கப் பதிவுத் துறை. கரன்ட்டுக்கு மின் பகிர்மானக் கழகம். நல வாரியத்துக்குத் தொழிலாளர் துறை. ஒரே சாவு, கதவுகள் எட்டு, பத்து. ஒரு கதவுக்குள் நுழைந்தவரிடம் அடுத்த கதவு எங்கே என்று சொல்ல அந்தத் தளத்தில் ஒரு வரிகூட இருப்பதில்லை.

வரிசை தெரியாததால் வரும் நஷ்டம்

இது ஏதோ படித்தவர்களின் அலுப்பு என்று தள்ளிவிட முடியாது. இதில் ஏழைக் குடும்பத்தின் பணம் போகிறது.

இறப்பை 21 நாளுக்குள் தெரிவித்தால் பதிவுக்குத் தாமதக் கட்டணம் கிடையாது. அதைத் தாண்டினால் கட்டணம், ஓராண்டைத் தாண்டினால் மேலதிகாரியின் உத்தரவு என்று சிக்கல் ஏறிக்கொண்டே போகும். வீட்டிலேயே இறந்த முதியவர்கள் விஷயத்தில்தான் இந்தக் கெடு அதிகம் தவறுகிறது. பதிவு செய்யும்போதே பெயர், இனிஷியல், தகப்பனார் பெயர் எல்லாம் ஆதாரில் உள்ளபடி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அங்கே ஓர் எழுத்து பிசகினால் பின்னால் போடும் ஒவ்வொரு மனுவும் அந்த எழுத்திலேயே முட்டி நிற்கும். இதை இறப்புப் பதிவுப் பக்கத்தின் முதல் வரியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்க வேண்டும்.

அடுத்து, எதற்கு எது வேண்டும் என்ற விஷயம். ரேஷன் கார்டில் பெயர் நீக்க இறப்புச் சான்று போதும். பட்டா மாற்றத்துக்கு வாரிசுச் சான்றும் வேண்டும். பேங்க் கணக்கில் நாமினி போட்டிருந்தால், நீதிமன்ற வாரிசுரிமைச் சான்று போன்றவற்றைக் கேட்டு வற்புறுத்தக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2005-லேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. இது தெரியாத குடும்பம், நாமினி இருந்தும் எல்லாச் சான்றும் வந்த பிறகே பேங்குக்குப் போகிறது. அதுவரை கைச்செலவுக்குக் கடன்.

இன்னொன்றைச் சொன்னால் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். இறந்தவரின் பாஸ்புக்கை எடுத்து மே மாதக் கடைசியை ஒட்டிய வரிகளைப் பாருங்கள். 436 ரூபாய் கழிந்திருக்கிறதா? இருந்தால் அவர் பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீட்டில் சேர்ந்திருக்க வாய்ப்பு உண்டு. எந்தக் காரணத்தால் இறந்திருந்தாலும் நாமினிக்கு 2 லட்சம் ரூபாய் வரும் திட்டம் அது. 20 ரூபாய் கழிந்திருந்தால் அது சுரக்ஷா விபத்துக் காப்பீடாக இருக்கலாம். விபத்தில் இறந்திருந்தால் அதற்கும் 2 லட்சம். பேங்கில் கணக்குத் தொடங்கிய அன்று நீட்டிய ஏதோ ஒரு தாளில் கையெழுத்துப் போட்டதோடு சரி, வீட்டில் யாருக்கும் சொல்லாமலே போனவர்கள் எத்தனையோ பேர். அந்த 436 ரூபாய் வரியைப் பார்க்கச் சொல்லி மாநில அரசின் இறப்புப் பதிவுப் பக்கம் சொல்லாது; அது மத்திய அரசின் திட்டம். காப்பீட்டுத் திட்டத்தின் பக்கம் வாரிசுச் சான்று எங்கே வாங்குவது என்று சொல்லாது. அது மாநில விவகாரம். துறை எல்லையில் தகவல் நின்றுவிடுகிறது. குடும்பத்தின் துக்கத்துக்கு அந்த எல்லை தெரியுமா?

நான்கு கேள்வியில் வழி

திங்கள்கிழமை காலையில் எந்த மாவட்ட ஆட்சியர் அலுவலக வாசலுக்கும் போய்ப் பாருங்கள். மக்கள் குறைதீர்க்கும் நாள். மரத்தடியில் ஸ்டூல் போட்டு, அட்டையில் தாளைச் செருகிக்கொண்டு மனு எழுதுபவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். எதிரில் ஒரு பெண் வந்து குந்துகிறார் என்று வையுங்கள். பேச்சு ஏறக்குறைய இப்படித்தான் போகும்:

“யாரும்மா தவறுனது?”

“வீட்டுக்காரருங்கய்யா.”

“டெத் சர்ட்டிபிகேட் கையில இருக்கா?”

“இருக்குங்க.”

“பிள்ளைங்க எத்தன? மாமியா உசுரோட இருக்காங்களா?”

“ரெண்டு பொண்ணுங்க. அத்தை இருக்காங்க.”

“நெலம் அவரு பேர்லயே இருக்கா, மாமனார் பேர்லயா?”

“மாமனார் பேர்லதாங்க கெடக்கு.”

அவ்வளவுதான். மனு எழுதுபவருக்கு வழி முழுக்கத் தெரிந்துவிட்டது. மாமியார் இருப்பதால் மகனின் வாரிசுகளில் அவரும் ஒருவர். அவர் பெயரை விட்டுவிட்டு மனு போட்டால் கிராம நிர்வாக அலுவலரின் விசாரணையில் நின்றுவிடும். நிலம் மாமனார் பெயரில் இருப்பதால் மகனின் வாரிசுச் சான்று மட்டும் போதாது. மாமனாரின் இறப்புச் சான்றும் அவருடைய வாரிசுச் சான்றும் வேண்டும். மாமனாருக்கு மகள்கள் இருந்தால் அவர்களுக்கும் பங்குண்டு. இத்தனையும் அவருக்குத் தெரிந்தது எப்படி? அவர் “உங்களுக்கு எந்தத் துறையில் வேலை?” என்று கேட்கவில்லை. “யார் தவறினது?” என்று கேட்டார்.

நம் அரசுத் தளங்கள் முதலில் கேட்பது எந்தத் துறை என்பதைத்தான். வாரிசுச் சான்று வருவாய்த் துறையைச் சேர்ந்தது என்று தெரிந்தவருக்குத்தான் அங்கே வழி திறக்கும். அது தெரிந்தவர் ஏன் தேடப்போகிறார்?

ஏன் இப்படி ஆனது?

ஒரு துறைத் தளத்தின் முகப்பைத் திறந்து பாருங்கள். எங்களைப் பற்றி, நிர்வாக அமைப்பு, கொள்கை விளக்கக் குறிப்பு, அரசாணைகள், ஒப்பந்தப்புள்ளிகள், புகைப்படத் தொகுப்பு. இந்தத் தலைப்புகள் எல்லாம் அலுவலகத்துக்குள் இருக்கும் பிரிவுகளின் பெயர்ப்பலகைகள். எந்தப் பிரிவு எந்தக் கோப்பைக் கொடுத்ததோ அது அந்தத் தலைப்பின் கீழ் ஏற்றப்பட்டிருக்கிறது. மனு போட வருபவருக்கு அமைப்பு வரைபடத்தால் ஆகவேண்டியது ஒன்றுமில்லை. அவருக்குத் தேவையான கட்டணம், ஆவணப் பட்டியல், எத்தனை நாளில் கிடைக்கும், கிடைக்காவிட்டால் யாரிடம் போவது என்ற நான்கும் எங்கோ ஒரு பிடிஎஃப் கோப்பின் நடுப்பக்கத்தில் கிடக்கும்.

அந்த பிடிஎஃப்பும் பெரும்பாலும் ஸ்கேன் செய்த படம். அதில் தேடினால் ஒரு சொல்லும் அகப்படாது. பார்வையற்றவர் தன் போனின் திரைவாசிப்பு வசதியைப் போட்டால் அது மௌனமாக இருக்கும். அரசு அலுவலகங்களில் தமிழ் ஒருங்குறியைப் பயன்படுத்த வேண்டும் என்று 2010-லேயே ஆணை வந்துவிட்டது. ஆனாலும் பழைய எழுத்துருவில் தட்டிய கோப்புகள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அவற்றை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டினால் வருவது தமிழாக இருக்காது, கிறுக்கலாக இருக்கும்.

பெயர்களும் மக்கள் வாயில் புழங்கும் பெயர்களாக இல்லை. மின் வாரியம் 2010-ல் பிரிக்கப்பட்டு டான்ஜெட்கோ ஆனது. 2024-ல் அது மறுபடி பிரிந்து, மின் பகிர்மானத்துக்கு என்று ஒரு கழகம் தனியே வந்தது. நிர்வாகக் காரணம் இருக்கலாம், அதில் தவறில்லை. ஆனால் சனங்களுக்கு அது அன்றும் ஈ.பி., இன்றும் ஈ.பி. “ஈ.பி. பெயர் மாற்றம்” என்று தேடுபவரைச் சரியான பக்கத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது தளத்தின் வேலை. கழகத்தின் புதிய பெயரைப் படித்துவிட்டு வா என்று அவரை அனுப்ப முடியாது.

இதோடு இன்னொரு ஆபத்தும் சேர்கிறது. அரசுத் தளம் என்றால் முகவரியின் கடைசியில் ‘ஜிஓவி டாட் இன்’ இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நம்பாதீர்கள் என்று போலீஸாரும் வங்கிகளும் எச்சரிக்கிறார்கள். நல்ல எச்சரிக்கை. ஆனால் மாநிலத்தின் பிறப்பு-இறப்புப் பதிவுத் தளமே பல ஆண்டுகள் ‘டாட் ஓஆர்ஜி’ என்ற முடிவோடு இயங்கியிருக்கிறது. அந்த முடிவை யாரும் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். எது அசல், எது போலி என்று பாமரர் எதை வைத்துக் கண்டுபிடிப்பார்? அரசின் பக்கம் தெளிவாக இல்லாத இடத்தில்தான் யூடியூப் ஆலோசகர்களும் இடைத்தரகர்களும் முளைக்கிறார்கள். அவர்களில் பலர் நல்லவர்களே. ஆனால் குடிமகனுக்கு அரசு சொல்ல வேண்டியதை விளம்பரத்தோடு மூன்றாம் ஆள் சொல்லும் நிலைமைக்கு யார் பொறுப்பு?

சட்டம் சொல்லாதது ஒன்றும் இல்லை

புதுச் சட்டம் தேவை என்று யாரும் சாக்குச் சொல்ல வேண்டாம். 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் என்றதும் மனு போட்டுத் தகவல் கேட்கும் ஆறாவது பிரிவுதான் எல்லாருக்கும் நினைவுக்கு வருகிறது. அதற்கு முன்னால் நான்காவது பிரிவு இருக்கிறது. ஒவ்வொரு பொது அதிகார அமைப்பும் 17 வகைத் தகவல்களைத் தானாகவே வெளியிட வேண்டும் என்கிறது அது. மக்கள் இந்தச் சட்டத்தைப் பயன்படுத்த வேண்டிய அவசியமே குறையும் அளவுக்கு, இணையம் உட்பட எல்லா வழிகளிலும் தகவலைத் தானாகத் தந்துகொண்டே இருக்க வேண்டும் என்றும், அதை வட்டார மொழியைக் கருத்தில் கொண்டு தர வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது.

அரசு இணையதளங்களுக்கு என்றே தேசியத் தகவலியல் மையம் 2009-ல் வழிகாட்டு நெறிகளை வகுத்தது. 2023-ல் அவற்றின் மூன்றாம் பதிப்பு வந்தது. தளத்துக்கு ஒரு பொறுப்பாளர் வேண்டும், உள்ளடக்கத்தைக் காலமுறைப்படி சரிபார்க்க வேண்டும், காலாவதியானதை எடுத்துத் தனியே வைக்க வேண்டும், மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்தும்படி இருக்க வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கடைசியாகச் சொன்னதைச் சட்டக் கடமையாகவே ஆக்கிவிட்டது.

ஏட்டில் எல்லாம் இருக்கிறது. நடப்பில், தளம் தொடங்க டெண்டர் விடும்போது வடிவமைப்புக்குப் பணம் ஒதுக்குகிறார்கள், சர்வருக்கு ஒதுக்குகிறார்கள். பக்கத்தில் என்ன எழுதுவது, அதை யார் எழுதுவது, ஆறு மாதம் கழித்து யார் திருத்துவது என்பதற்கு ஒதுக்குவதில்லை. தொடக்க விழாவுக்கு முந்தின வாரம் பிரிவு எழுத்தர்களிடம் “உங்க செக்‌ஷன் மேட்டர் குடுங்க” என்று கேட்டு வாங்கி ஏற்றினால் இப்படித்தான் இருக்கும்.

முடியாத காரியமா?

முடியும் என்பதற்கு நம் அரசிலேயே சான்று இருக்கிறது. பட்டா, சிட்டா பார்க்கும் வசதியை எடுத்துக்கொள்ளுங்கள். மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண். நான்கைக் கொடுத்தால் நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று தெரிந்துவிடுகிறது. பதிவுத் துறையின் வில்லங்கத் தேடலும் அப்படித்தான். கிராமத்துப் பிள்ளைகள் போனிலேயே எடுத்து அப்பாவிடம் காட்டுகிறார்கள். இவை ஏன் பிடித்துப்போயின? நிலம் வாங்கப்போகிறவன் எதைக் கேட்பான் என்பதிலிருந்து இவை தொடங்கியிருக்கின்றன.

பிரிட்டனில் துறைக்கொரு தளம் என்று சிதறிக் கிடந்ததை ஒன்றாக்கும் வேலை 2012 அக்டோபரில் ஒரே பொதுத் தளமாக வடிவம் பெற்றது. அங்கே வடிவமைப்புக்கு வகுத்த முதல் விதியே மக்கள் தேவையிலிருந்து தொடங்கு என்பதுதான். அந்தத் தளத்தில் ‘ஒருவர் இறந்தால் என்ன செய்வது’ என்று படிப்படியான பக்கம் இருக்கிறது. இறப்பைப் பதிந்தவர் ஒரே முறை தெரிவித்தால் பெரும்பாலான அரசுத் துறைகளுக்குத் தகவல் போய்விடும் சேவையும் உண்டு. அந்த நாட்டின் பணமும் ஆள்பலமும் நமக்கு இல்லை என்பார்கள். ஒரு பக்கம் எழுத எவ்வளவு பணம் வேண்டும்?

“நம் சனங்கள் எப்படியும் இ-சேவை மையத்துக்குத்தான் போவார்கள், தளம் எப்படி இருந்தால் என்ன?” என்று ஒரு வாதம் உண்டு. மையத்தில் உட்கார்ந்திருப்பவரும் அதே தளத்தைப் பார்த்துத்தான் மனுவை ஏற்றுகிறார். அவருக்குத் தெளிவில்லாவிட்டால் ஆவணம் குறையும், மனு நிராகரிக்கப்படும். வருவாய்த் துறைச் சான்றுக்கு 60 ரூபாய் கட்டி, ஒரு நாள் கூலியை விட்டு வந்தவர் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். நல்ல பக்கம் ஒன்று இருந்தால் அதை அச்செடுத்து மையத்தின் சுவரில் ஒட்டலாம். ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டலாம். படிக்கத் தெரிந்த பேத்தி பாட்டிக்கு வாசித்துக் காட்டலாம்.

செய்ய வேண்டியது என்ன?

முதலில், மக்கள் வாழ்க்கையில் நடக்கும் நிகழ்வுகளை வைத்துப் பக்கங்கள் வர வேண்டும். குழந்தை பிறந்தால், பிள்ளையைப் பள்ளியில், கல்லூரியில் சேர்த்தால், நிலம் வாங்கினால், வீடு கட்டினால், கடை தொடங்கினால், வயதானால், வீட்டில் ஒருவர் இறந்தால். ஒவ்வொன்றுக்கும் ஒரே பக்கம். எதை முதலில் செய்வது, என்ன ஆவணம், எவ்வளவு கட்டணம், எத்தனை நாள், தாமதமானால் யாரிடம் முறையிடுவது. மத்திய அரசு, மாநில அரசு, உள்ளாட்சி எதுவானாலும் அந்தப் பக்கத்திலேயே இணைப்பு இருக்க வேண்டும்.

அடுத்து, தேவை எது என்பதை அதிகாரிகள் அறைக்குள் உட்கார்ந்து ஊகிக்க வேண்டாம். முதல்வரின் உதவி மையத்துக்கு 1100 என்ற எண்ணில் வரும் அழைப்புகள், திங்கள்கிழமை மனுக்கள், இ-சேவையில் நிராகரிக்கப்பட்ட விண்ணப்பங்களின் காரணங்கள், தளத்தின் தேடல் கட்டத்தில் மக்கள் தட்டும் சொற்கள் எல்லாம் அரசின் கையிலேயே இருக்கின்றன. ஒரு காரணத்துக்காக நூறு மனுக்கள் திரும்பியிருந்தால், பக்கத்தில் ஒரு வரி விடுபட்டிருக்கிறது என்று பொருள்.

மூன்றாவது, இப்போதுள்ள பக்கங்களைக் கணக்கெடுக்க வேண்டும். எது பயன்படுகிறது, எது பழசு, எது இரண்டு இடத்தில் இரண்டு விதமாக இருக்கிறது என்று பட்டியல் போட்டு, வேண்டாததை நீக்க வேண்டும். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கடைசியாகச் சரிபார்த்த தேதியும், பொறுப்பான பதவியின் பெயரும் இருக்க வேண்டும். கட்டணம் மாறிய அன்றே பக்கமும் மாற வேண்டும்.

நான்காவது, தமிழில் எழுதத் தெரிந்தவர்களை இதற்கென்றே அமர்த்த வேண்டும். ஆங்கிலக் குறிப்பை மொழிபெயர்த்து ஏற்றினால் போதாது. எழுதியதை வெளியிடும் முன் ஒரு நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்ணிடமும், ஒரு முதியவரிடமும், ஒரு பார்வையற்றவரிடமும் சாதாரண போனில் கொடுத்து, “வாரிசுச் சான்றுக்கு என்ன வேணும்னு கண்டுபிடிங்க” என்று சொல்லிப் பார்க்க வேண்டும். அவர்கள் திணறினால் திருத்த வேண்டியது பக்கத்தைத்தான்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றச் சொல்லவில்லை. ஒரே ஒரு பக்கத்தில் தொடங்குங்கள். ‘வீட்டில் ஒருவர் இறந்தால்’ என்று தலைப்பிடுங்கள். சுகாதாரம், வருவாய், உணவு, மின்சாரம், பதிவு, தொழிலாளர் நலம், உள்ளாட்சி ஆகிய துறைகளிலிருந்து தலா ஒருவரை ஒரு மேசையில் உட்கார வையுங்கள். கூடவே இ-சேவை மையத்தில் வேலை பார்க்கும் ஒருவரையும், ஆட்சியர் அலுவலக வாசலில் மனு எழுதும் ஒருவரையும் அழையுங்கள். அவர்கள் சொல்வதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். இறப்புச் சான்றிதழ் கொடுக்கும்போதே அந்தப் பக்கத்தின் அச்சுப்பிரதியை ஒவ்வொரு குடும்பத்தின் கையிலும் கொடுங்கள்.

தலைமைச் செயலகத்தில் ஒரு கூட்டம் போட்டு, ஒரு ஆணை பிறப்பித்தால் தொடங்கிவிடக்கூடிய வேலை இது. அரசு உடனே செய்ய வேண்டும். அதுவரை வாசகர்கள் ஒன்று செய்யலாம்: ஒரு மனுவுக்காகத் தேடி அலைய நேர்ந்தால், எந்தத் தகவல் எங்கே கிடைக்கவில்லை என்று குறித்து 1100-க்குச் சொல்லுங்கள். துக்க வீட்டுக்குப் போனால், பாஸ்புக்கில் 436 ரூபாய் வரி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லிவிட்டு வாருங்கள்.